நீளம் சொன்ன பொய். கன அளவு சொன்ன மெய்

“கட்டி எவ்வளவு பெரிசு?”

ஒரு வீட்டில் புற்றுநோய் என்ற சொல் நுழைந்த மறுகணமே நாம் கேட்கும் முதல் கேள்வி இதுதான். “எலுமிச்சங்காய் அளவு” என்பார் ஒருவர். “இல்லையில்லை, கொய்யாக்காய் மாதிரி கையில் தட்டுப்படுகிறது” என்பார் இன்னொருவர். டாக்டரோ ஒரு தாளைப் புரட்டி, “நாலு சென்டிமீட்டர்” என்பார். அந்த ஓர் எண்ணைப் பிடித்துக்கொண்டு குடும்பமே அழும். அல்லது ஆறுதல் கொள்ளும்.

அந்த எண் எப்படிப் பிறக்கிறது, அதை எப்படி வாசிக்க வேண்டும் என்பது தெரியாததால் எங்கள் குடும்பம் ஓர் உயிரோடு விளையாடப் பார்த்தது. அதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

அத்தையின் மூன்று ஊசிகள்

என் அத்தை கோல சிலாங்கூர்ப் பக்கம் ஒரு தோட்டத்தில் வாழ்ந்தவர். இளவயதில் பால்மரம் வெட்டினார். மரங்களை அழித்துச் செம்பனை நட்ட பிறகு உதிர்ந்த பழம் பொறுக்கினார். இடது மார்பில் கட்டி இருப்பதை அவர் பல மாதம் யாரிடமும் சொல்லவில்லை. கடைசியில் மருமகள் கண்டுபிடித்து, கிளினிக்குக்கு அழைத்துப் போய், அங்கிருந்து பெட்டாலிங் ஜெயாவில் ஒரு மருத்துவமனைக்கு வந்து சேர்ந்தார்கள்.

“முதலில் மருந்து ஊசி ஆறு முறை. கட்டி சுருங்கட்டும். பிறகு அறுவை சிகிச்சை” என்றார் டாக்டர். காந்தப் படம் எனப்படும் எம்.ஆர்.ஐ. எடுத்தார்கள். மூன்று ஊசி முடிந்ததும் அதே இடத்தில் மறுபடியும் எடுத்தார்கள்.

அறிக்கை ஆங்கிலத்தில் இருந்தது. ஐந்தாம் படிவம் படிக்கும் பேத்தி வாசித்தாள். முதல் அறிக்கையில் 4.2 சென்டிமீட்டர். இரண்டாவது அறிக்கையில் 4.0 சென்டிமீட்டர்.

வீடே இடிந்து போனது. “மூணு ஊசி போட்டு, தலைமுடி கொட்டி, சோறு இறங்காமல் கிடந்ததுக்கு இரண்டு மில்லிமீட்டர்தானா?” என்றார் அத்தையின் பெரிய மகன். யாரோ ஒரு வைத்தியரின் பெயர் அடிபட்டது. அத்தையும், “போதும் சாமி, என்னை விட்டுடுங்க” என்று சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். நான்காவது ஊசிக்குப் போகப் போவதில்லை என்று முடிவாகிவிட்டது.

“நிறுத்துவதென்றால் நிறுத்துங்கள். ஆனால் டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு நிறுத்துங்கள்” என்று கெஞ்சி அவர்களை அழைத்துப் போனேன்.

டாக்டர் ஒரு தமிழ்ப் பெண்மணி. நாங்கள் சொன்னதைக் கேட்டுக் கோபப்படவில்லை. அறிக்கையை மேசையில் விரித்து, விரலால் தொட்டுக் காட்டினார்.

“அம்மா, உங்கள் பேத்தி முதல் எண்ணை மட்டும் வாசித்திருக்கிறாள். பக்கத்தில் இன்னும் இரண்டு எண்கள் இருக்கின்றன, பாருங்கள். கட்டிக்கு நீளம் மட்டும்தானா உண்டு? அகலம், உயரம் இல்லையா?”

முதல் படத்தில் நீளம் 4.2, அகலம் 3.8, உயரம் 3.6. இரண்டாவது படத்தில் நீளம் 4.0, அகலம் 2.4, உயரம் 2.0. டாக்டர் ஒரு தாளில் கணக்குப் போட்டார். முட்டை வடிவமான பொருளுக்கு மூன்று அளவையும் பெருக்கி, வந்ததை 0.52 ஆல் பெருக்கினால் அதன் கன அளவு, அதாவது அது அடைத்துக்கொண்டிருக்கும் இடம், ஏறக்குறையக் கிடைத்துவிடும். முன்பு 30 கன சென்டிமீட்டர். இப்போது 10.

“ஒரு கன சென்டிமீட்டர் என்றால் ஒரு மில்லி. முன்பு ஆறு தேக்கரண்டி இருந்த கட்டி இப்போது இரண்டு தேக்கரண்டி. மூன்றில் இரண்டு பங்கு கரைந்துவிட்டது, அம்மா. நீளத்தில் குறையாமல், பக்கவாட்டில் ஒட்டிப்போயிருக்கிறது. இந்த நேரத்திலா மருந்தை நிறுத்துவது?”

அத்தை அந்தத் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு எண்கள் புரிந்தனவோ இல்லையோ, தேக்கரண்டி புரிந்தது.

பால் ஸ்டோர் கணக்கு

தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு இது புதுக் கணக்கல்ல. பால் ஸ்டோரில் கிராணி வாளியின் உயரத்தை மட்டும் பார்த்துக் கணக்கு எழுதியிருந்தால் நாம் சும்மா விட்டிருப்போமா? வாளி ஒல்லியா அகலமா, பால் எத்தனை லிட்டர் என்று கேட்டுச் சண்டை போட்டிருப்போம். கட்டி விஷயத்திலும் அதே கண் வேண்டும்.

உருண்டையான பொருள்களிடம் ஒரு சூழ்ச்சி உண்டு. குறுக்களவு கொஞ்சம் கூடினால் கன அளவு மிக அதிகமாகக் கூடிவிடும். 2 சென்டிமீட்டர் குறுக்களவுள்ள உருண்டை சுமார் 4 மில்லி. அதுவே 2.5 சென்டிமீட்டர் ஆனால் 8 மில்லிக்கு மேல். ‘அரை சென்டிமீட்டர்தானே கூடியிருக்கிறது’ என்று நாம் நினைக்கையில், உள்ளே கட்டி இரட்டிப்பாகியிருக்கிறது! அதேபோல 4 சென்டிமீட்டர் உருண்டை 3.2 ஆகக் குறைந்தால், அதில் ஏறக்குறையப் பாதி கரைந்துவிட்டது என்று பொருள். நல்லதையும் கெட்டதையும் நீளம் குறைத்தே சொல்லும்.

பஞ்சு மெத்தைக்கு அடியில் உருண்டைகள்

ஸ்கேன் வருவதற்கு முன் டாக்டர்கள் கையால் தடவி, அளவுகோல் வைத்துத்தான் கட்டியை அளந்தார்கள். அது எவ்வளவு நம்பத்தக்கது என்று 1976-இல் அமெரிக்காவில் மோர்ட்டல், ஹேன்லி என்ற இருவர் சோதித்தார்கள். 12 உருண்டைகளை மெத்தைமேல் வைத்து, ரப்பர்ப் பஞ்சால் மூடி, அனுபவமிக்க 16 புற்றுநோய் டாக்டர்களை அளக்கச் சொன்னார்கள். உருண்டைகள் கூடவுமில்லை, குறையவுமில்லை. ஆனாலும் ஒருவர் அளவு மற்றவர் அளவோடு ஒத்துப்போகாமல், சுருங்காத உருண்டை சுருங்கிவிட்டதாகவே சில வேளை கணக்கு வந்தது! மருந்தே கொடுக்காமல் ‘குணம்’ தெரிந்த கதை இது.

ஆகவே பொதுவிதிகள் தேவைப்பட்டன. 1979-இல் உலகச் சுகாதார நிறுவனம் கட்டியின் நீளத்தையும் அகலத்தையும் பெருக்கிப் பார்க்கும் முறையை வெளியிட்டது. 2000-இல் அதை எளிதாக்கி, மிக நீளமான குறுக்களவை மட்டும் அளக்கும் ‘ரெசிஸ்ட்’ என்ற முறை வந்தது. 2009-இல் அது திருத்தப்பட்டது. இந்த முறைப்படி நீள அளவுகளின் கூட்டுத்தொகை 30 விழுக்காடு குறைந்தால் மருந்து கேட்கிறது. 20 விழுக்காடு கூடினால், அது குறைந்தது 5 மில்லிமீட்டராவது இருந்தால், நோய் வளர்கிறது. எல்லா நாட்டு டாக்டர்களும் ஒரே மொழியில் பேச இது பேருதவி. உலகமெங்கும் மருந்துச் சோதனைகளில் இன்றும் பெரும்பாலும் இதுதான் நடைமுறை.

ஆயினும் கட்டிகள் எல்லாம் உருண்டையாக இருப்பதில்லை. சில இஞ்சிக் கிழங்கைப்போல் கிளைவிடும். சில எங்கள் அத்தையின் கட்டியைப்போல் தட்டையாகச் சுருங்கும். அங்கேதான் கன அளவு உண்மையைச் சொல்கிறது.

ரொட்டித் துண்டும் ஒரு தமிழ்நாட்டுத் தொடர்பும்

உடம்புக்குள் இருக்கும் கட்டியை வெளியே எடுக்காமலே கன அளவு காண்பது எப்படி?

ஒரு முழு ரொட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். அதற்குள் எங்கோ ஜாம் இருக்கிறது. எவ்வளவு என்று தெரிய வேண்டும். ரொட்டியைத் துண்டு துண்டாக வெட்டி, ஒவ்வொரு துண்டிலும் ஜாம் பரவிய பரப்பை அளந்து, துண்டின் தடிப்பால் பெருக்கி, எல்லாவற்றையும் கூட்டினால் போதும். சி.டி. ஸ்கேனும் எம்.ஆர்.ஐ.யும் கத்தியில்லாமல் உடம்பைப் படமாக ‘வெட்டி’க் காட்டுகின்றன. ஒவ்வொரு படத்திலும் டாக்டர் கட்டியின் ஓரத்தைக் கோடு போட்டுச் சுற்றி வருவார். கணினி கூட்டிச் சொல்லும்.

துண்டு மெல்லியதாக இருந்தால் கணக்கும் சுத்தமாக இருக்கும். ஒரு சென்டிமீட்டர் கட்டியை 5 மில்லிமீட்டர் தடிப்பில் எடுத்தால் இரண்டு மூன்று படங்களில்தான் அது தெரியும், ஓரம் மங்கிவிடும். ஒரு மில்லிமீட்டர் தடிப்பில் எடுத்தால் பத்துப் படங்களில் தெரியும்.

சி.டி. ஸ்கேனை உருவாக்கியவர் இங்கிலாந்தின் காட்ஃப்ரே ஹவுன்ஸ்ஃபீல்ட். 1971 அக்டோபர் முதல் தேதி, லண்டன் விம்பிள்டனில் உள்ள அட்கின்சன் மோர்லி மருத்துவமனையில் முதல் நோயாளிக்கு மூளைப் படம் எடுக்கப்பட்டது. மூளையில் கட்டி இருக்குமோ என்று சந்தேகிக்கப்பட்ட ஒரு பெண்மணி அவர். 1979-இல் ஹவுன்ஸ்ஃபீல்டுக்கும் ஆலன் கார்மாக்குக்கும் நோபல் பரிசு கிடைத்தது.

அதே 1971-இல் நம்மவர் ஒருவரும் இத்துறைக்கு அரிய கொடை தந்தார். சென்னைப் பல்கலைக்கழகத்தில் பல்லாண்டு பேராசிரியராக இருந்து புகழ்பெற்ற ஜி. என். ராமச்சந்திரன்தான் அவர். பல கோணங்களில் விழும் நிழல்களிலிருந்து ஒரு பொருளின் உள்வடிவத்தை விரைவாகக் கணக்கிடும் வழியை, ஏ. வி. லட்சுமிநாராயணனுடன் சேர்ந்து அவர் வெளியிட்டார். இருவர் பெயரையும் சுருக்கி ‘ராம்-லாக்’ என்று இன்றும் உலகமெங்கும் பாடப்புத்தகங்கள் அதைச் சொல்கின்றன. ராமச்சந்திரன் 2001-இல் சென்னையில் காலமானார்.

தராசைச் சோதிப்பவர்கள்

பெட்டாலிங் ஜெயாவே ஒரு காலத்தில் ரப்பர்த் தோட்டம்தான். கோலாலம்பூரின் நெரிசலைக் குறைக்க 1950-களில் அந்த நிலத்தில் புதுநகரம் எழுந்தது. 1960-களின் பிற்பகுதியில் நகரின் ஓரத்தில் மலாயாப் பல்கலைக்கழக மருத்துவமனை தோன்றியது. இன்று அது மருத்துவ மையம் என்று பெயர் கொண்டிருக்கிறது. தோட்டப்புறங்களிலிருந்து படப் பையைக் கையில் பிடித்தபடி வந்து இறங்கிய நம்மவர்கள் எத்தனை பேர்!

அங்கே டாக்டர், தாதி, படமெடுப்பவர் ஆகியோரை நாம் பார்க்கிறோம். நாம் பார்க்காத ஒருவரும் இருக்கிறார். அவர் மருத்துவ இயற்பியலாளர். செம்பனைக் குலை நிறுக்கும் தராசு சரிதானா என்று படிக்கல் வைத்துச் சோதிப்பதில்லையா? அதுபோல, அளவு தெரிந்த மாதிரிப் பொருள்களையும் நீர் நிரப்பிய உருளைகளையும் இயந்திரத்தில் வைத்துப் படமெடுத்து, அது சரியாக அளக்கிறதா என்று பார்ப்பது அவர் வேலை. சி.டி. அளவையில் நீர் என்றால் பூஜ்யம், காற்று என்றால் கழித்தல் 1000. நீருக்குப் பூஜ்யம் வராவிட்டால் தராசில் கோளாறு!

இத்துறையில் மலாயாப் பல்கலைக்கழகத்தின் பேராசிரியர் இங் குவான் ஹூங் உலகறிந்தவர். 2018-இல் அனைத்துலக மருத்துவ இயற்பியல் அமைப்பு, மேரி கியூரி பெயரிலான விருதை அவருக்கு வழங்கியது.

கண்ணுக்குத் தெரியாத ஆழம்

வெற்றிலை பாக்குப் போடும் பெரியவர்களுக்காக இதைத் தனியே சொல்ல வேண்டும். மலேசியாவில் வாய்ப் புற்றுநோய் இந்தியர்களிடையே கூடுதலாகக் காணப்படுகிறது. புகையிலை சேர்க்காத வெற்றிலை பாக்கும் புற்றுநோய் தரும் என்று, உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு 2004-இல் வெளியிட்ட அறிக்கை உறுதியாகக் கூறிற்று.

வாயில் வரும் புண்ணை முன்பு மேற்பரப்பில் எத்தனை சென்டிமீட்டர் என்று பார்த்தே நிலை பிரித்தார்கள். 2017-இல் வெளிவந்த அனைத்துலக வகைப்பாட்டின் எட்டாம் பதிப்பில் ஆழமும் சேர்க்கப்பட்டது. மேலே 2 சென்டிமீட்டருக்குள் இருந்தாலும், உள்ளே 5 மில்லிமீட்டருக்கு மேல் இறங்கியிருந்தால் அது அடுத்த நிலை. 10 மில்லிமீட்டரைத் தாண்டினால் இன்னும் மேல்நிலை. ‘சின்னப் புண்தானே’ என்று கண்ணாடியில் பார்த்துத் திருப்தி அடைபவர்கள் இதை நினைவில் வைக்க வேண்டும். கண்ணாடி ஆழத்தைக் காட்டாது. இரண்டு வாரத்தில் ஆறாத புண்ணோ, வெள்ளைத் திட்டோ, சிவப்புத் திட்டோ இருந்தால் பல் டாக்டரிடம் காட்டிவிடுங்கள்.

புகை பிடிப்பவர்களுக்கும் ஒரு செய்தி. நெதர்லாந்திலும் பெல்ஜியத்திலும் நடந்து 2020-இல் முடிவு வெளியான ‘நெல்சன்’ ஆய்வில், நுரையீரலில் தெரிந்த சிறு முடிச்சுகளைக் கன அளவால் அளந்தார்கள். 50 கன மில்லிமீட்டருக்குக் குறைந்தால் கவலையில்லை. 500-க்கு மேல் போனால் உடனே சோதனை. இடைப்பட்டவற்றை மீண்டும் படமெடுத்து, எத்தனை நாளில் இரட்டிப்பாகின்றன என்று கணக்கிட்டார்கள். படம் எடுத்துக் கண்காணிக்கப்பட்ட ஆண்களிடையே, பத்தாண்டில் நுரையீரல் புற்றுநோய் மரணம் 24 விழுக்காடு குறைந்திருந்தது.

அளவு மட்டும் போதுமா?

போதாது. இதையும் சொல்லாவிட்டால் கட்டுரை பாதிப் பொய்யாகிவிடும்.

மருந்து வேலை செய்து கட்டி உள்ளுக்குள் செத்துக்கிடந்தாலும் வெளியளவு அப்படியே இருக்கலாம். சில மருந்துகளில் முதலில் வீங்கிக்கூடத் தெரியலாம். பாலில் தண்ணீர் எவ்வளவு, ரப்பர் எவ்வளவு என்று மெட்ரோலாக் போட்டுப் பார்த்ததைப்போல, கட்டியில் உயிருள்ள பகுதி எவ்வளவு என்று பார்க்க வேறு சோதனைகள் உண்டு. பெட் ஸ்கேன் அவற்றில் ஒன்று. சர்க்கரையை வேகமாக உறிஞ்சும் இடங்களை அது காட்டும். கதிர்வீச்சுச் சிகிச்சைக்கோ, டாக்டர் கட்டியின் ஓரத்தைப் படத்துக்குப் படம் கோடிட்டே தீர வேண்டும். கோடு குறைந்தால் நோய் தப்பிவிடும். கூடினால் நல்ல சதை வெந்துவிடும். கணினியே கோடு போடும் காலமும் வந்துவிட்டது. ஆயினும் அதைச் சரிபார்ப்பது டாக்டரின் கண்தான்.

நாம் செய்ய வேண்டியவை

துல்லியமான அளவு டாக்டர் கையில் மட்டுமில்லை. நம் கையிலும் கொஞ்சம் இருக்கிறது.

பழைய படங்கள், சி.டி. தட்டுகள், அறிக்கைகள் ஒன்றையும் வீசாதீர்கள். ஒப்பிட்டுப் பார்க்கப் பழையது இல்லாவிட்டால் புதியது பாதி ஊமை.

முடிந்தவரை ஒரே இடத்தில், ஒரே வகைப் படம் எடுங்கள். ஓரிடத்து அல்ட்ராசவுண்டையும் இன்னோரிடத்து சி.டி.யையும் ஒப்பிடுவது, கட்டியை ஒருமுறை சாணாலும் மறுமுறை முழத்தாலும் அளப்பதைப் போன்றது.

கொடுத்த தேதியைத் தவறவிடாதீர்கள். வளர்ச்சியைக் கணக்கிட, எத்தனை நாள் இடைவெளி என்பதும் ஓர் எண்.

“தாரிக் நாஃபாஸ்... தாஹான்” என்று ஒலிபெருக்கி சொன்னால் மூச்சை இழுத்து அப்படியே பிடியுங்கள். மூச்சு விட்டால் நுரையீரலும் ஈரலும் அசையும்; படம் கலங்கும்.

மருந்து ஏற்றிப் படமெடுக்கும் முன், சிறுநீரகக் கோளாறு, இனிப்புநீர், ஆஸ்துமா, ஒவ்வாமை இருந்தால் சொல்லிவிடுங்கள். இனிப்புநீருக்கு மெட்ஃபார்மின் சாப்பிடுகிறவர்கள் அதையும் சொல்ல வேண்டும். கர்ப்பமாக இருக்கக்கூடுமென்றால் அதை முதலில் சொல்லுங்கள்.

தாய்மார்களே, எம்.ஆர்.ஐ. அறைக்குள் போகும்போது தாலியில் ஊக்கு மாட்டியிருக்கிறதா என்று பாருங்கள். அந்தக் காந்தம் இரும்பைப் பாய்ந்து இழுக்கும். நகைகளையும் கழற்றச் சொல்வார்கள். தாலியைக் கழற்ற மனம் ஒப்பவில்லையென்றால், அன்றைக்கு மட்டும் மஞ்சள் கயிறு கட்டிக்கொள்ளலாமா என்று முன்கூட்டியே கேளுங்கள். வெட்கப்பட்டு மறைத்துவிடாதீர்கள்.

கடைசியாக, டாக்டரிடம் மூன்று கேள்விகள் கேளுங்கள். “மூன்று பக்க அளவும் என்ன? போன தடவையோடு ஒப்பிட்டால் மொத்தத்தில் எவ்வளவு கூடியது, எவ்வளவு குறைந்தது? இதனால் சிகிச்சை மாறுமா?” கேட்பது மரியாதைக் குறைவல்ல. உடம்பு நம்முடையது.

அத்தை ஆறு ஊசியையும் முடித்தார். அறுவை சிகிச்சையும் நடந்தது. அதற்குப் பிறகு ஒவ்வொரு முறை அறிக்கை வந்தபோதும் பேத்தியைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்வார். கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, வாசிக்கத் தெரியாத அந்தத் தாளைத் தானும் உற்றுப் பார்ப்பார்.

“ஒண்ணை மட்டும் படிச்சிட்டு நிறுத்தாதே கண்ணு. மூணையும் படி.”

தோட்டத்திலும் பட்டணத்திலும் உள்ள நம் குடும்பங்களுக்கு இந்தக் கட்டுரை சொல்ல வந்ததும் அதுவேதான்.